காசல் நகரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாதது தப்புதான். இங்கே சௌக்கியம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டரை ராத்திரி மட்டும் போடுகிறேன், அதுவே போதும்.

“பழைய படம் ஒட்டவா ஜெர்மனிக்குப் போனான்?” என்று பெரியப்பா கேட்டாராமே. இதை அவருக்குப் படித்துக் காட்டு. இந்த ஊரை ஆண்டவர் அமாலியே எலிசபெத். 1637இல் கணவர் இறந்ததும், சிறுவனான மகனுக்காக 1650 வரை ஆட்சியை இவரே நடத்தினார். முப்பதாண்டுப் போர்க் காலம் அது. லுட்விக் ஃபான் சீகன் என்பவர் 1642இல் இவர் முகத்தைச் செப்புத் தகட்டில் புது விதமாகச் செய்தார். கோடு கீறாமல், பல் வைத்த சிறு உருளையை ஓட்டித் தகட்டைச் சொரசொரப்பாக்கினார். அப்போது எழும்பும் செப்புப் பிசிறில் மை தங்கி நிழலாக விழும். மெசோடின்ட் என்கிற இந்த அச்சு முறையில் நமக்குத் தெரிந்த முதல் படம் அதுதான். பிறகு இங்கிலாந்துச் சீமாட்டிகள் பலரின் படங்கள் இந்த முறையில்தான் அச்சாகி வீடு வீடாகப் போயின.

அச்சடிக்க அடிக்கப் பிசிறு தேய்ந்து கறுப்பு வெளிறும். தாளில் மை வெல்வெட் மாதிரி நிற்பதால் அழிரப்பர் பட்டாலே கீறல் விழும். ஈரத் தாளை இறுக்கி அழுத்தினால் தகட்டின் விளிம்புத் தடம் மழுங்கிவிடும்.

கிழிசலுக்குப் பின்னால் ஜப்பான் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டுவோம். ஒரு பங்கு மாப்பொருள், ஐந்து பங்கு தண்ணீர். ஊறவைத்து, சிறுதீயில் அரைமணிக்கு மேல் கிண்டி, சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். வெறும் கோதுமை மாவு ஆகாது. அல்வாவுக்குப் பால் பிழிந்ததும் நீ எறிகிற சக்கை இருக்கிறதே, அது சேர்ந்தால் பசை விறைத்துத் தாளை இழுக்கும். வெள்ளை மாறிப் பசை கண்ணாடியாகிற நேரத்தில் நம் அடுப்பங்கரை வாசம் அப்படியே வருகிறது அம்மா. அப்போது கை நின்றுவிடுகிறது, நின்றால் அடிப்பிடிக்கும்.

எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். ஆல்பத்தில் ஒட்டுவதற்காக அந்தக் காலத்தில் படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். பெயரும் பட்டமும் கீழ் ஓரத்தில்தான் பொறித்திருக்கும். முத்துமாலை, சரிகை எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. அதே தகட்டில் அடித்த முழுத் தாள் வேறெங்காவது கிடைத்து, நிழலுக்கு நிழல் ஒப்பிட்டால்தான் பெயர் திரும்பும். அப்போதும் நம்ப முடியாது. தகட்டை வாங்கிய வியாபாரி பழைய பெயரைச் சுரண்டிவிட்டு வேறொரு பெயர் பொறித்து விற்றதும் உண்டு.

ஆச்சியின் கல்யாணப் போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். பிய்க்காதே, ஈரத்துணி போடாதே. ஓதம் அடிக்கிற அந்தச் சுவரிலிருந்து முதலில் இறக்கு. பக்கத்தில் நிற்கிற நாலு பெண்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாகக் கேட்டு, தனித் தாளில் பென்சிலால் எழுதிச் சட்டத்தோடு வை. போட்டோவின் பின்னால் பேனா படவே கூடாது.

தம்பி பரீட்சைப் பணம் பிப்ரவரி 5க்குள் வந்துவிடும். இந்தத் தடவை கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது, வேறொன்றுமில்லை. கிணற்றடி வயலை அந்த விலைக்குக் கொடுக்க வேண்டாம், அத்தானைக் கலந்துகொண்டு பதில் சொல். ஆச்சிக்குக் காலையில்தான் நினைவு தெளிவாக இருக்கும். காப்பி கொடுத்துவிட்டுக் கேள்.

உன் மகன்