லேக் வியூ ரோடு பெயரை விட்டுவையுங்கள்

சென்னை மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு,

வணக்கம். தெருப் பெயரை மாற்றும் மனுவில் கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தீர்கள். காபி கொடுத்தேன், கையெழுத்து போடவில்லை. காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

ஏரியே இல்லாத இடத்தில் லேக் வியூ எதற்கு என்கிறீர்கள். சாப்பாடு கொண்டுவரும் பையனும் "சார், லேக் எங்க இருக்கு?" என்றுதான் கேட்கிறான். பெயர் ‘அவென்யூ’ என்று முடிந்தால் விலை ஏறும் என்றும் ஒருவர் சொன்னார். அதை விடுங்கள்.

ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாகக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சி வீட்டுமனைக்காக அதைத் தூர்த்தது. அங்கே எழுந்த தி.நகருக்கு 1925இல் காலமான பிட்டி தியாகராயர் பெயர், பூங்காவுக்கு பனகல் அரசர் பெயர். உஸ்மான், நடேசன், டாக்டர் நாயர் என்று தெருக்களிலும் கட்சிப் பெரியவர்கள்தான். (பிற்பாடு சாதிப் பெயரை நீக்கப்போய், டாக்டர் நாயர் ரோடு வெறும் ‘டாக்டர் ரோடு’ ஆன கூத்தும் நடந்தது.) ஏரியின் ஞாபகம் மிஞ்சியிருப்பது நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நம் தெரு, இவ்வளவுதான். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி நிலத்தில்தான், ஆனால் பெயரை வைத்து யாருக்கும் தெரியாது.

2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கிறதா? மாம்பலம் கால்வாய் அடைபட்டு, தி.நகரும் மேற்கு மாம்பலமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நம் கட்டடத்தில் மூன்றாவது படி வரை ஏறியது. மோட்டார் ஓடவில்லை, ஸ்கூட்டர்களை மாடிப்படி வளைவில் தூக்கி வைத்தோம். எதிர்வீட்டுப் பாட்டி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்குத்தாண்டா லேக் வியூ!" என்று சிரித்தார். இங்கே மனை வாங்க வருகிறவனுக்கு, தண்ணீர் எங்கே வரும் என்று காசு வாங்காமல் சொல்லும் ஒரே ஆள் அந்தத் தெருப் பெயர்ப் பலகைதான். அதையும் அழித்துவிட்டு என்ன செய்யப்போகிறோம்?

ஆங்கிலப் பெயர்தான் உறுத்துகிறது என்றால், ஏரிக்கரைச் சாலை என்று மாற்றச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. அடியில் ‘லாங் டேங்க் ஏரியின் கரை’ என்று ஒரு வரியும் கேளுங்கள். மனுவை அப்படித் திருத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு வாருங்கள், முதல் கையெழுத்து போடுகிறேன். காபியும் உண்டு.

இப்படிக்கு,
முதல் மாடிக்காரன்