அளவு நார்மல் என்றால் போதாது

அன்பு மகளுக்கு,

"ஃபேக்டர் 8 அறுபது சதவீதம் இருக்கிறது, நார்மல்தான்மா, நான் கேரியர் இல்லை" என்று சொன்னாய். கேட்க நிம்மதியாக இருந்தது. ஃபேக்டர் 8 ரத்தம் உறைய உதவும் புரதம், அது குறைவதுதான் தம்பிக்கு இருக்கும் ஹீமோஃபீலியா. கேரியர் என்றால் அதற்கான பழுதான ஜீனை எக்ஸ் குரோமோசோம் ஒன்றில் சுமப்பவள். ஆனாலும் குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதே. ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றை வைத்து இயங்கும். எது அணையும் என்பது யார் கையிலும் இல்லை. பழுதுள்ளதைப் பெரும்பாலான செல்கள் அணைத்திருந்தால், கேரியருக்கும் அளவு நன்றாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கேரியர் என்று உறுதியாகச் சொன்னது மரபணுப் பரிசோதனைதான். என்னிடமிருந்து உனக்கு அந்தப் பழுது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு.

தம்பிக்கு இருப்பது தீவிர ஹீமோஃபீலியா ஏ. அவன் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே. காரணம் இன்ட்ரான் 22 இன்வர்ஷன். ஃபேக்டர் 8 ஜீனின் ஒரு பெரிய பகுதி அப்படியே தலைகீழாகத் திரும்பி, ஜீனே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தீவிர ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதுதான். இதில் டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறுவதில்லை, வரிசைதான் குலைகிறது. அதனால் எழுத்துகளைப் படித்துப் பார்க்கும் வழக்கமான சீக்வென்சிங்கில் இது தெரியாமல் போகும். "ஜீனைப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், இன்வர்ஷனுக்கான தனிச் சோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேள். எதைத் தேட வேண்டும் என்று தம்பியின் ரிப்போர்ட் முன்பே சொல்லிவிட்டது. உனக்கு அந்த ஒன்றைப் பார்த்தால் போதும்.

"நம் வம்சத்திலேயே இல்லாதது எங்கிருந்து வந்தது?" என்று அன்று சொந்தங்கள் என்னைக் கேட்டது உனக்கும் நினைவிருக்கும். ஹீமோஃபீலியா உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்ததில்லை. இந்த இன்வர்ஷன் பெரும்பாலும் ஆணின் விந்தணு உருவாகும்போதே நேர்கிறது. என் அப்பாவிடம் தொடங்கியிருக்கலாம். அதற்காக அவரையும் யாரும் குறை சொல்லக் கூடாது. நாளை உன்னையும் யாரும் அப்படிக் கேட்க விடமாட்டேன்.

கேரியர் என்று வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. கர்ப்பத்தில் ஃபேக்டர் 8 தானாக ஏறும், பிரசவத்துக்குப் பிறகு இறங்கும். ரத்தப்போக்கை அப்போதுதான் கவனமாகப் பார்க்க வேண்டும். வாக்யூம், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதைத் தவிர்க்கச் சொல். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பரிசோதித்துவிடலாம். முடிவு தெரியும்வரை தசையில் ஊசி போட விடாதே.

ரிப்போர்ட் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். லேபில் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டால் தன் ரத்தமும் தருவதாகத் தம்பி சொல்கிறான். தேதி வாங்கியதும் அவனிடம் சொல், கூடவே வருவான்.

அன்புடன்,
அம்மா