நடுவர் முதலில் பார்ப்பது போட்டோவை

ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்ட ஓவியர்களின் எதார்த்த ஓவியங்கள் வெளியூர்க் கண்காட்சிகளில் தேர்வாவதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிபாரிசு இல்லாததும் தலைநகரிலிருந்து தள்ளி இருப்பதும்தான் காரணம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். தொலைவுதான் தடை என்றால், அன்று நம் குமரியும் சேர்ந்திருந்த திருவாங்கூரில் ரயிலே ஓடாத 1873-இல் ரவிவர்மாவின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கி, அதே ஆண்டு வியன்னா வரைக்கும் போயிருக்காது. சிபாரிசு எங்குமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் பல, சிபாரிசு என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, அனுப்பிய போட்டோவிலேயே தோற்றுவிடுகின்றன. அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதும் வழக்கமும் கிடையாது.

பெரும்பாலான கண்காட்சிகளில் முதல் சுற்றின்போது நடுவர் முன்னால் கேன்வாஸ் இருக்காது, திரைதான் இருக்கும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்றுக்குச் சில நொடிகள் கிடைத்தால் அதிகம். ஐந்தடி ஓவியமும் ஓரடி ஓவியமும் திரையில் ஒரே அளவுதான். மாதக்கணக்கில் வரைந்ததை ஐந்து நிமிடத்தில் போட்டோ எடுத்து, கடைசி நாள் இரவில் அனுப்புகிறவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது.

நம் ஊரில் போட்டோ கெடுவதற்கென்றே சில காரணங்கள் உண்டு. ஓவியத்தை முற்றத்தில் தென்னை நிழலில் சாய்த்து வைத்து எடுப்பார்கள். மேலேயிருந்து ஓலையின் பச்சை இறங்கும், கீழேயிருந்து செம்மண்ணின் சிவப்பு ஏறும். வரைந்த முகத்தில் நெற்றி பச்சை தட்டும், தாடைக்கு அடியில் செம்மை படரும். வரைந்தவர் கண்ணுக்கு இது தெரியாது. அசல் நிறம் அவர் மனதில் இருக்கிறது. மேகம் மூடிய நாளில், காலை பத்து மணி வாக்கில், மொட்டை மாடியில் எடுப்பது நல்லது. செந்நிறத் தட்டோடு பதித்த தரை என்றால் சாம்பல் நிறத் துணியை விரித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துச் சுவர் வண்ணச் சுவராக இருந்தால் வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்தால் போதும்.

வீட்டுக்குள் எடுப்பதென்றால் ஒரே வகை எல்இடி விளக்குகள் இரண்டு, பகல் வெளிச்சத்தின் நிறத்தில் (5000 முதல் 5500 கெல்வின்), நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல், இருபுறமும் 45 பாகையில் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் கலக்கவே கூடாது. ஓவியத்தின் நடுவில், அதன் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு பென்சிலைப் பிடித்தால் இருபக்கமும் விழும் நிழல்கள் ஒரே நீளமாக, ஒரே கருமையாக இருக்க வேண்டும். கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க, கேன்வாஸின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஓவியம் ஒரு பக்கம் குறுகி வரும். அதை ஓரத்தை வெட்டிச் சரிக்கட்டக் கூடாது. படிவத்தில் 24 x 36 அங்குலம் என்று எழுதியிருப்பீர்கள், அது 2:3 விகிதம். படம் 3:4 என்று போய்ச் சேர்ந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நடுவருக்குத் தோன்றும்.

கேமராவுக்கு ட்ரைபாடு, டைமர், ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஐம்பது மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ். கைப்பேசி என்றால் வைடு லென்ஸ் வேண்டாம், நேர்க்கோடுகள் வளையும். எட்டடி தள்ளி நின்று 2எக்ஸில் எடுக்கலாம். வெளிச்சத்தையும் இருட்டையும் தானாகச் சமன்செய்யும் எச்டிஆரையும் அழகூட்டும் அமைப்புகளையும் அணைத்துவிட வேண்டும்.

கேமராவின் ஆட்டோ அமைப்பை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். தோவாளைச் சந்தையின் பிச்சிப்பூக் குவியலை ஒருவர் வரைந்திருக்கிறார் என்று வையுங்கள். வெள்ளை அதிகம் என்று கேமரா மொத்தத்தையும் மங்கவைக்கும், பூ சாம்பலாகிவிடும். குத்துவிளக்கு மட்டும் எரியும் இருட்டறையை வரைந்தவருக்கு நேர்மாறு: கருமை வெளிறும், சுடர் வெறும் வெள்ளைப் புள்ளியாகும். வெளிச்சம் அளக்கவென்றே விற்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டையை ஓவியத்தின் மேல் வைத்து வெளிச்சத்தை அளவெடுத்துக்கொண்டால் இரண்டும் தப்பிக்கும்.

ஆயில் ஓவியத்தில் இன்னொரு தொல்லை. கீழ்ப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டால் கருமையான இடங்கள் சாம்பல் பூத்து நிற்கும். போட்டோ எடுக்குமுன், காய்ந்த பரப்பில் மெல்லிய லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்க் கலவையைத் தடவி, பஞ்சில்லாத துணியால் முழுக்கத் துடைத்தெடுத்தால் ஆழம் திரும்பிவரும். மினுமினுப்பு வந்தால், அதைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட வேண்டும். கோப்பு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஜேபெக்காக, கண்காட்சி நடத்துபவர்கள் கேட்ட பிக்சல் அளவில் இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி என்ற வேறு நிற அமைப்பில் அனுப்பினால் சில திரைகளில் நிறம் செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி அவர் கணினியிலிருந்து பதிவேற்றுவதாக இருந்தால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, நுணுக்கம் போய்விடும். ஃப்ரேம், சுவர், ஓவியத்தைத் தாங்கும் ஈசல் சட்டம் எதுவும் தெரியக் கூடாது.

விதிகளைப் பற்றி. லலித் கலா அகாதெமி 1955 முதல் நடத்திவரும் தேசியக் கண்காட்சி எல்லாப் பாணிகளுக்கும் பொது. எதார்த்த ஓவியத்துக்கென்றே நடப்பவை வேறு. அமெரிக்காவின் ஆர்ட் ரினியூவல் சென்டர் நடத்தும் சர்வதேச சலோன் என்ற போட்டி அப்படிப்பட்டது. அங்கே உருவ ஓவியம், முக ஓவியம், நிலக்காட்சி, அசைவற்ற பொருள், கோட்டோவியம் என்று பிரிவுகள் உண்டு. வலை பின்னும் மீனவரை வரைந்தால் அது முக ஓவியமா, உருவ ஓவியமா? ஆளின் சாயலே படத்தைத் தாங்கினால் முகம். செய்யும் வேலையும் இடமும் தாங்கினால் உருவம். இதைக் கவனிக்காமல் கட்டம் நிரப்புகிறார்கள். அடுத்தவர் எடுத்த புகைப்படத்தை, சினிமா ஸ்டில்லை, இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து வரைந்ததை இத்தகைய கண்காட்சிகள் பொதுவாக ஏற்பதில்லை. புகைப்படக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதோ, தானே எடுத்த படத்திலிருந்து வரைவதோதான் வழி. அளவை எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு. ஃப்ரேமோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று பார்த்து எழுத வேண்டும்.

ஓவியத்திலேயே உள்ள குறையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. புகைப்படத்தை அப்படியே நகலெடுத்தது பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியும். நிழலுக்குள் நிறமே இல்லாத கட்டிக் கறுப்பு. எல்லா விளிம்பும் ஒரே கூர்மை. அருகிலிருந்து எடுத்ததால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிய முகம். நல்ல எதார்த்தம் நிழலுக்குள் பிரதிபலித்த ஒளியைத் தேடும். அந்தப் பிச்சிப்பூக் குவியலில் சுத்த வெள்ளை நாலைந்து இதழ் நுனியில்தான் இருக்கும். மீதியெல்லாம் பச்சை கலந்த சாம்பலும் மங்கிய மஞ்சளும். டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கிப் பூ முழுக்க அப்பினால் அது சுண்ணாம்பாகத்தான் தெரியும்.

தேர்வான பிறகு வரும் சங்கடங்களில் பாதி நம் ஈரக் காற்றால். லின்சீட் எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. தண்ணீர் மாதிரி ஆவியாவதில்லை. நிறங்களில் அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் காயும், ஐவரி கறுப்பும் காட்மியம் நிறங்களும் காய நாள் இழுக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேல்பூச்சுக்குப் போகப் போகக் கூடுதலாக இருக்க வேண்டும். மாற்றிப் பூசினால் பரப்பு வெடித்து விரிசல் விடும். கடைசியாகப் பூசும் டமார் பிசின் வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வார்னிஷ் அடித்தால் வெண்படலம் பூக்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மாசி, பங்குனியில் முடித்துக்கொள்வதே உத்தமம். கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாத்தினால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் துருவேறி துணியில் கறை விடும்; ஸ்டெயின்லெஸ் பின்னே அடிக்க வேண்டும்.

காகித ஓவியத்தை நம் ஃப்ரேம் கடைகளில் கல்யாணப் போட்டோ மாதிரி கண்ணாடியோடு அழுத்திவிடுவார்கள். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரியாது. நடுவில் மவுண்ட் அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும். லாரியில் போகும் ஓவியத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட். பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி மாட்டுவதற்கு D வடிவ வளையங்களும் கம்பியும் இருக்கட்டும். பெட்டியில் வைக்கும்போது ஓவியத்தின் மேல் வழவழப்பான கிளாசின் தாள், அதற்கு மேல்தான் குமிழ் உறை. குமிழ் நேரடியாகப் பட்டால் ஆயில் பரப்பில் வட்டம் வட்டமாகத் தடம் விழும். பிளைவுட் பெட்டியை ஸ்க்ரூவால் மூடுங்கள். ஆணி அடித்தால் கண்காட்சியில் திறக்கும்போது கம்பியால் நெம்புவார்கள், திரும்பிவர அதே பெட்டி உதவாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நடுவர் பெயர் சொல்லாத, அரங்கத்தின் முகவரி இல்லாத, அனுப்பியவர் எல்லோரையும் "தேர்வு" செய்து பிறகு பங்கேற்புக் கட்டணம் கேட்கும் "சர்வதேச விருது"கள் பெருகிவிட்டன. விண்ணப்பக் கட்டணம் வாங்குவது தப்பில்லை. தேர்வான பின் சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் காசு கேட்டால் விலகிவிட வேண்டும்.

உங்கள் இதழுக்கு ஒரு கோரிக்கை: கண்காட்சி அறிவிப்புகளை வெளியிடும்போது கடைசித் தேதி, கட்டணம், அளவு வரம்பு, நடுவர் பெயர்கள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற ஐந்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இவற்றைத் தர மறுப்பவர்களின் அறிவிப்பைப் போட வேண்டாம். நம் மாவட்டத்தில் அரசு ஓவியக் கல்லூரி இல்லை. அது வரும்வரை நாகர்கோவிலில் ஏதாவது ஒரு பொதுக் கட்டடத்தில் இரண்டு விளக்கு, ஒரு ட்ரைபாடு, ஒரு சாம்பல் அட்டை வைத்த அறையை ஓவியர்களுக்குத் திறந்துவிடும்படி மாவட்ட நிர்வாகத்தையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
தக்கலை