நாலு அளவு எடுத்து அனுப்பு

அன்பு மகளுக்கு,

காருக்குள் பின்பக்கம் படுக்கை விரிக்க எத்தனை இன்ச் ஃபோம் வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. சரி. கேட்டதற்குப் பதில் நாலு இன்ச். ஆனால் அந்த நாலை மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் வீண், முதுகுக்கும் கேடு. அதனால் விவரமாக எழுதுகிறேன். பாதியில் மூடி வைத்துவிடாதே. உன் தம்பி விஷயம், மாடிக் கட்டட வேலை எல்லாம் அடுத்த கடிதத்தில்.

முதலில் ஒன்று. என்ன புழுக்கமாக இருந்தாலும், என்ன குளிராக இருந்தாலும், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதே. புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விழித்திருப்பவருக்காவது தலைவலி, குமட்டல் என்று ஏதாவது தெரியும், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. சைலன்சர் சுவரையோ மண்மேட்டையோ பார்த்து நின்றால் புகை திரும்பி வண்டிக்கு அடியிலேயே தங்கும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேனே என்பதும் காப்பு ஆகாது. படுக்கையைப் பற்றி இனி எழுதுவதெல்லாம், ராத்திரி உன் கை சாவிப் பக்கம் போகாமல் இருப்பதற்காகத்தான்.

இப்போது அளவு. பின்சீட்டை மடக்கு. ஹெட்ரெஸ்டைக் கழற்றி எடுத்தால்தான் அது முழுக்கப் படியும். முன்சீட் இரண்டையும் முடிந்த மட்டும் முன்னால் தள்ளு. பிறகு டிக்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அள. திறந்து வைத்துக்கொண்டு அளந்தால் அளவு பொய் சொல்லும். கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், தரையில் கிடைக்கிற நீளம் மெத்தை உயரத்தில் கிடைக்காது. நாலு அளவு வேண்டும்: டிக்கிக் கதவிலிருந்து முன்சீட் முதுகு வரை நீளம்; பின்சக்கரத்துக்கு மேலே உள்ளே புடைத்து நிற்கிற இரண்டு மேடுகளுக்கு நடுவில் அகலம்; டிக்கித் தரைக்கும் மடக்கிய சீட்டுக்கும் இடையே இருக்கிற படியின் உயரம்; மடக்கிய சீட்டிலிருந்து கூரை வரை உயரம்.

மேடுகளுக்கு நடுவில் பெரும்பாலான வண்டிகளில் 40 இன்ச்சை ஒட்டித்தான் இருக்கும். நீளம் 66 இன்ச் வந்தால் பயப்படாதே. மூலைக்கு மூலை 77 இன்ச் வரும். அது ஏட்டுக் கணக்கு, தோளும் தலையணையும் இடம் பிடிப்பதால் 70, 72 என்றே வைத்துக்கொள். உன் உயரத்துக்கு அது போதும். ஆனால் குறுக்காகப் படுப்பதென்பது ஒரே ஆள் படுத்தால்தான் நடக்கும். இரண்டு பேர் என்றால் நேராகத்தான் படுக்க வேண்டும், அப்போது நீளத்தைக் கூட்ட வேறு வழி பார்க்க வேண்டும். நீ எழுதியதில் எத்தனை பேர் என்று இல்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

தலை முன்சீட் பக்கம் இருக்கட்டும். மடக்கிய சீட் முன்பக்கம்தான் சற்று உயர்ந்து நிற்கும். தலை மேலேயும் கால் கீழேயும் இருந்தால்தான் ராத்திரி முகம் கனக்காது. அந்தப் பக்கம் சக்கர மேடு இல்லாததால் தோளுக்கு அகலமும் கிடைக்கும். ஆனால் முன்சீட்டைத் தள்ளியதும் அதன் பின்னால் கால் வைக்கிற பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதன்மேல் வெறும் ஃபோமை நீட்டினால் தலை உள்ளே அமுங்கிவிடும். சீட் மட்டத்துக்குச் சரியாக வருகிற கெட்டியான பெட்டி ஒன்றை இரண்டு பக்கமும் இறக்கு. துணிமணி அதற்குள் போகட்டும்.

படியை நிரப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாலு இன்ச் படிமீது எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும் விடிவதற்குள் இடுப்பு சொல்லிவிடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டு துண்டாக அறுத்து, நடுவில் கீல் போட்டு, டிக்கிப் பக்கத் துண்டுக்கு அடியில் படி உயரத்துக்கு மரச்சட்டம் வை. விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய். பலகை முழுக்க ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக ஓர் இன்ச் துளை போடு, ஏன் என்று கீழே சொல்கிறேன். வண்டித் தரையில் திருகாணி இறக்கவே கூடாது, அடியில் பெட்ரோல் டேங்கும் ஒயரும் போகும். பல வண்டிகளில் டிக்கிக்குள்ளேயே கொக்கி வளையம் இருக்கும், அதில் பெல்ட்டால் இழுத்துக் கட்டு. கட்டாத பலகை, பிரேக் அடித்தால் உன் முதுகுக்குத்தான் வரும். இதையெல்லாம் நீயே செய்துவிடுவாய் என்று தெரியும். இந்த வீட்டில் உன்னைப் போல் நேராக அறுக்கிறவர் யாரும் இல்லை.

இனி ஃபோம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். அது கெட்டித்தனம் இல்லை, ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான். எண் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். அடியில் 40 டென்சிட்டியில் கெட்டியாக மூன்று இன்ச், மேலே மெத்தென்று ஓர் இன்ச், இதுதான் நான் சொன்ன நாலு. மல்லாந்து படுக்கிறவருக்கு மூன்றே போதும். நீ சின்ன வயதிலிருந்து ஒருக்களித்துத்தான் படுப்பாய், உடம்பின் பாரமெல்லாம் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்கும். வாங்குமுன் கடையிலேயே தரையில் போட்டு ஒருக்களித்துப் படுத்துப் பார். வெட்கப்படாதே. இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தால் தரை தட்டுப்படக் கூடாது. ஐந்து இன்ச்சுக்கு மேல் போகாதே, கூரை தலையில் இடிக்கும். உட்கார்ந்து சட்டை மாற்ற முடியாத படுக்கையில் ரொம்ப நாள் இருக்க முடியாது.

மெமரி ஃபோம் என்று ஒன்றைக் காட்டி ஆசை காட்டுவார்கள். வண்டிக்கு அது சரிப்படாது. குளிரில் விறைத்துக்கொள்ளும், வெயிலில் தளர்ந்து உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே ஓர் இன்ச்சுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. மடக்கு மெத்தை வாங்குவதானால் மூன்றாக மடிவதாகப் பார், இரண்டாக மடிவது சரியாக இடுப்பில்தான் மடியும்.

அறுப்பதற்கு முன் அட்டையில் வரைந்து, சக்கர மேட்டு வளைவோடு வெட்டி, வண்டிக்குள் வைத்துப் பார். பிறகு எல்லாப் பக்கமும் அரை இன்ச் கூட்டி ஃபோமை அறு, அப்போதுதான் இறுக்கமாக உட்கார்ந்து நகராமல் இருக்கும். பல் வைத்த நீளமான கத்தியால் அழுத்தாமல், ஒரே கோட்டில் பல தடவை இழுத்து அறு. அழுத்தினால் மேலே நேராகவும் அடியில் கோணலாகவும் வரும். இரண்டு துண்டாக வைப்பதானால் இணைப்பு முழங்காலுக்குக் கீழே வரட்டும்.

காற்று மெத்தை எளிதாக இருக்குமே என்று யோசிப்பாய். சுருட்டி வைக்க எளிது, அவ்வளவுதான். ராத்திரி காற்று குளிர்ந்ததும் அழுத்தம் குறைந்து தொய்யும். ஓட்டை என்று நினைத்து விடிய விடியத் தேடுவார்கள், ஓட்டை இருக்காது. மலையேறும்போது அதுவே உப்பிக்கொள்ளும், கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும். குளிர் இடமென்றால் உள்ளிருக்கும் காற்றே உடம்புச் சூட்டைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். குளிரைத் தடுக்கும் திறனுக்கு ஆர் வேல்யூ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். வெக்கைக்கு இரண்டு போதும், தண்ணீர் உறைகிற குளிருக்கு நாலுக்கு மேல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். போர்வையை அடுக்குவதற்கு முன்னால் அடியைப் பார். உடம்புக்குக் கீழே நசுங்கிப்போன போர்வை குளிரைத் தடுக்காது.

வெக்கையில் பருத்தி விரிப்பும் மெல்லிய போர்வையும் போதும். மெத்தை உறையும் பருத்தியே இருக்கட்டும், வழுவழுப்பான துணி போட்டால் சரிவில் விடியும்போது கால்மாட்டில் கிடப்பாய். தலையணை ஒன்று போதும் என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். இரண்டு வை. ஒன்று காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற உயரத்துக்கு, இன்னொன்று முழங்கால்களுக்கு நடுவில். வேறு யாருக்காவது வேண்டியிருந்தாலும் இருக்கும். இதை நான் எதுவும் நினைத்து எழுதவில்லை.

மூச்சில் மட்டும் ஒரு ராத்திரியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் வெளியேறும். அது கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும், நீ பார்ப்பாய். மெத்தைக்கு அடியில் நிற்பதை நீ பார்க்க மாட்டாய், பூஞ்சை பூத்த பிறகு நாற்றம்தான் சொல்லும். பலகையில் துளை போடச் சொன்னது அதற்குத்தான். தினமும் காலையில் மெத்தையை ஓரமாகத் தூக்கி நிறுத்து. எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் இரண்டு விரல் அகலம் இறக்கி, வெளியே வலை மாட்டு. பேட்டரி விசிறியை ஒரு ஜன்னலைப் பார்த்து வை, புழுக்கத்தை அது வெளியே தள்ளும். கொசுவர்த்தி, அடுப்பு, கரி எதுவும் உள்ளே வேண்டாம். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும், பக்கத்தில் நிற்கிற வண்டியின் புகைக்கும் அது கத்தும். அது இருக்கிறதே என்று இன்ஜினைப் போட்டுவிடாதே. அந்த இன்ஜின் விஷயத்தை மறுபடி எழுதுகிறேன் என்று கோபப்படாதே. நீ போனை எடுத்திருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பேன்.

கதவு. பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, எடுத்துவிடு. டிக்கியை உள்ளிருந்து திறக்கும் வழி உன் வண்டியில் இருக்கிறதா என்று பகலிலேயே பார். சாவி ரிமோட்டால் பூட்டினால் சில வண்டிகளில் நீ புரண்டு படுத்ததற்கே அலாரம் அடிக்கும், சிலவற்றில் உள்ளிருந்து கதவே திறக்காதபடி பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற பொத்தானால் பூட்டு. டிரைவர் சீட்டில் ஒரு துண்டுகூடப் போடாதே. இடம் சரியில்லை என்று தோன்றினால் இறங்காமலே முன்னால் போய் உட்கார்ந்து கிளம்பும்படி இருக்க வேண்டும். சாவி எப்போதும் ஒரே இடத்தில். தூங்கும்போதுதான் இன்ஜின் வேண்டாம் என்றேன், கிளம்புவதற்கு யோசிக்காதே.

புது ஃபோமுக்கு ஒரு நெடி இருக்கும். உறையைக் கழற்றி இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்ட பிறகு வண்டியில் போடு. எதுவானாலும் முதல் ராத்திரி பழகின இடத்தில் படுத்துப் பார்க்க வேண்டும், எது குத்துகிறது, எது போதவில்லை என்று அப்போதுதான் தெரியும். நம் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுத்துப் பார்க்கலாம், சரியில்லை என்றால் உள்ளே வந்துவிடலாம். பல் கத்தியும் அட்டையும் இங்கே இருக்கின்றன, பலகை அறுக்கும்போது ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். நாலு அளவையும் அனுப்பு, எந்தக் கிழமை வருகிறாய் என்றும் எழுது. அதற்குமுன் ஃபோம் வாங்கிவிடாதே.

அம்மா