டேங்குக்கும் பம்புக்கும் நடுவே: டீசல் பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீசல் பிக்கப் லாரிகளின் எரிபொருள் அமைப்பை வரைகிற பொறியாளர்களுக்கும், அந்த வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடுகிற நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

கம்பெனி ஃபிட்டிங்கில் கை வைத்தவன் என்றாலே சர்வீஸ் சென்டர்களில் ஒரு பார்வை பார்க்கிறார்கள். பானெட்டைத் திறந்ததும் கூடுதலாக ஒரு ஹோஸ் கண்ணில் பட்டால் போதும், வாரன்டி பேச்சு அத்தோடு சரி. கரும்புகை கக்கிக்கொண்டு போகிறவனும், டேங்கிலிருந்து டீசலை எஞ்சின் பக்கம் தள்ளிவிடுகிற லிஃப்ட் பம்பையும் நல்ல ஃபில்டரையும் சேஸிஸ் ஓரமாக மாட்டியவனும் அவர்களுக்கு ஒரே ஆள்தான். நான் இரண்டாவது ரகம். நாங்கள் காசு போட்டு மாட்டுவதில் பெரும்பகுதி, வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே அதில் இருந்திருக்க வேண்டியது.

புகை விடுகிறவர்கள் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் போட்ட கணக்குப்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கும் நிறையவே மேலே இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். டர்போ தருகிற காற்று அப்படியே இருக்க, டீசலை எஞ்சினுக்குள் பீச்சுகிற இன்ஜெக்டரில் பெரிய நோசில் போட்டு டீசலை மட்டும் கூட்டினால் மிச்சம் கரியாகவும் சூடாகவும்தான் வெளியே வரும். டர்போ வாசலில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெகுநேரம் ஓட்டினால் அலுமினிய பிஸ்டன் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தருகிற அழுத்தக் குழாய், அதன் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு பெட்டியைச் செருகி, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லி பம்பை விரட்டுகிற வித்தையையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம். (மாசு மோசடி என்று பேச்சு வந்தால், ராம் பிக்கப் வண்டிகளின் எஞ்சின் மென்பொருள் வழக்கில் எஞ்சின் கம்பெனியான கம்மின்ஸ் கட்டச் சம்மதித்த 167.5 கோடி டாலர் அபராதமும் கூடவே ஞாபகம் வரும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

நான் பேச வந்தது டேங்குக்கும், ரெயிலுக்கு அழுத்தம் ஏற்றித் தருகிற ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றி.

2001-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வந்த டூராமேக்ஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான எஞ்சின், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1,600 பார் வரை அழுத்தம் ஏற்றுகிற பாஷ் கம்பெனியின் சிபி3 என்ற ஹை பிரஷர் பம்ப் அதில் இருக்கிறது. ஆனால் அந்த பம்புக்கு டீசலைத் தள்ளிவிட டேங்கில் எதுவும் இல்லை. பைப், ரப்பர் ஹோஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டி சிபி3 தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஃபில்டரில் அழுக்கு சேரச் சேர அந்த உறிஞ்சல் இன்னும் கடினமாகும். 2016 மாடல் வரை இதே ஏற்பாட்டில் ஓட்டிவிட்டு, 2017-ல்தான் டேங்குக்குள் ஒரு பம்ப் வைத்தார்கள். வண்டிக்காரர்கள் அதற்குப் பல வருஷம் முன்பே தாங்களாக மாட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அழுத்தத்தில் ஓடுகிற லைனில் கசிவு வந்தால் டீசல் சொட்டும், தரையில் ஈரம் தெரியும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். உறிஞ்சுகிற லைனில் கசிவு வந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் மேல் செல்ஃப் அடித்தும் பிடிக்காது. டீசல் பின்வாங்கி டேங்குக்கே போயிருக்கும். ஃபில்டர் தலையில் இருக்கிற கை பம்பை அமுக்கி, காற்றை எடுத்துவிட்டால்தான் உயிர் வரும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே நிறமில்லாத ஹோஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். ஐடிலில் டீசல் நகர்வதே தெரியாது, அவ்வளவு தெளிவாக இருக்கும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்ததும் ஹோஸின் மேல் ஓரமாகப் பொடிக் குமிழ்கள் வரிசை கட்டி ஓடும். எல்லாமே கசிவால் வருவதும் இல்லை. வெற்றிடம் கூடினால் டீசலில் கரைந்திருக்கிற காற்றே பிரிந்து குமிழாகிவிடும். அந்தக் குமிழ்கள் பம்புக்குள் அழுத்தத்தில் உடையும்போது உலோகத்தை அரிக்கின்றன.

பளு ஏற்றி மேட்டில் இழுக்கும்போது கம்ப்யூட்டர் கேட்கிற ரெயில் அழுத்தம் ஒன்றாகவும், பம்ப் தருகிற அழுத்தம் வேறாகவும் இருக்கும். இடைவெளி எல்லை தாண்டினால் ரெயில் அழுத்தம் குறைவு என்கிற பி0087 பழுதுக் கோடு விழுந்து வண்டி நொண்ட ஆரம்பிக்கும். இதற்கு இன்ஜெக்டரையும் பம்பையும் மாற்றச் சொல்லி பில் நீட்டுகிற இடங்கள் உண்டு. 10 பிஎஸ்ஐ அளவில் சீராகத் தள்ளிவிடுகிற ஒரு சின்ன பம்பிலேயே அடங்கிவிடுகிற தொந்தரவாகவும் பல வண்டிகளில் அது இருக்கிறது. அதே சமயம், லிஃப்ட் பம்ப் மாட்டினால் குதிரைத்திறன் எகிறும் என்று விற்கிறவர்கள் சொல்வது சுத்தப் பொய். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற இழுவை முழுசாகக் கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

தள்ளுகிற பம்ப் இருந்த வண்டிகள் மட்டும் பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகளின் 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சினில் லிஃப்ட் பம்ப் இருந்தது. டேங்குக்குப் பக்கத்தில் வைக்காமல் எஞ்சின் பிளாக்கில் கொண்டுபோய் மாட்டினார்கள். தள்ளுவதற்கென்றே செய்த பம்பை இழுக்க விட்டால் எத்தனை நாள் தாங்கும்? இதில் கொடுமை, அது செத்துப்போனாலும் வண்டி ஓடும். விபி44 இன்ஜெக்ஷன் பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு எண்ணெய்ப் பசை தருவதும் அதன் வழியே ஓடுகிற டீசல்தான். வரத்து குறைந்த பிறகும் அது சூட்டிலேயே ஓடி, பிறகுதான் விழும். 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே விடக்கூடாது என்று வண்டிக்காரர்கள் தாங்களே கணக்கு வைத்துக்கொண்டு, தாங்களே மீட்டரும் வாங்கி மாட்டினார்கள். டேஷ்போர்டில் அந்த மீட்டர் ஒன்று இருந்திருந்தால் எத்தனை விபி44 தப்பியிருக்கும்!

பிறகு சிபி3-க்கு அடுத்ததாக பாஷின் சிபி4 பம்ப் வந்தது. 2011-லிருந்து ஃபோர்டின் 6.7 லிட்டர் வண்டியிலும் டூராமேக்ஸிலும் அதைத்தான் வைத்தார்கள். சிபி3-ல் மூன்று பிஸ்டன் பார்த்த வேலையை இங்கே இரண்டு பார்க்க வேண்டும், அதுவும் 2,000 பாருக்கு. பிஸ்டனைத் தள்ளுகிற கேம் மேல் உருள்கிற ரோலர் கொஞ்சம் திரும்பிக்கொண்டால் உருள்வதை விட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடும். தேய்ந்த இரும்புத் துகள் ரெயிலுக்குப் போய், இன்ஜெக்டருக்குப் போய், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். அப்புறம் டேங்கிலிருந்து நோசில் வரை அத்தனையும் புதிது. சந்தேகம் வந்தால் மெக்கானிக் முதலில் கழற்றுவது பம்புக்குள் போகிற டீசலை அளந்துவிடுகிற மீட்டரிங் வால்வைத்தான். அதன் சல்லடையில் வெள்ளி ஜிகினா மாதிரி மின்னினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

டீசலில் கந்தகத்தை 15 பிபிஎம் அளவுக்குக் குறைக்கிற சுத்திகரிப்பு அதன் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. பிறகு மருந்து கலந்து சரிக்கட்டுகிறார்கள். அந்தப் பசையை அளக்கிற தேய்மானச் சோதனையில் ஐரோப்பியத் தரம் 460 மைக்ரான் தழும்பு வரைதான் விடுகிறது. அமெரிக்கத் தரத்தில் 520 வரை போகலாம், அதாவது பசை இன்னும் குறைவாக இருந்தாலும் செல்லும். எந்த நாட்டு பங்கில் எந்த டீசல் ஊற்றுவார்கள் என்பது பம்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. டூராமேக்ஸில் 2016 வரை இந்த சிபி4-ஐயும் லிஃப்ட் பம்ப் இல்லாமலேதான் ஓட்டினார்கள். ராம் 2019-ல் இதே பம்புக்கு மாறி, 2021-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து சிபி3-க்கே திரும்பியது. ஒரு தயாரிப்பாளர் பழைய பம்புக்குப் போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. அதே சிபி3-ஐ டூராமேக்ஸ்காரர்கள் சொந்தச் செலவில் அதற்கு முன்பே மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அவர்களை அப்போது எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

பம்பை மாற்ற வசதியில்லாதவர்கள் பைபாஸ் கிட் போடுகிறார்கள். கேம் அறையைக் கழுவிய டீசல் பிஸ்டனுக்குப் போகாமல் ரிட்டர்னுக்குத் திரும்பும். பிஸ்டனுக்குத் தனியாகச் சுத்தமான டீசல் வரும். பம்ப் உடைந்தால் பம்போடு போகும், இன்ஜெக்டர்கள் தப்பும். இவ்வளவு எளிய யோசனை வெளியாட்களுக்குத் தோன்றியிருக்கிறது.

கேட்பது பெரிய விஷயமில்லை. தள்ளுகிற பம்ப் டேங்கிலோ டேங்கை ஒட்டியோ இருக்கட்டும். ஹை பிரஷர் பம்பின் வாசலில் ஒரு சென்சார் வைத்து, அந்த எண்ணை ஓட்டுகிறவனுக்குக் காட்டுங்கள். டயர் காற்றைக் காட்டுகிற திரையில் இதற்கு இடமில்லாமல் போகாது. தண்ணீர் வடிக்கிற குழாயை, தரையில் புரளாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். அமெரிக்காவில் 1975-லேயே வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிச் சாமான் மாட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். இதை உங்கள் டீலர்களின் சர்வீஸ் மேஜையில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். லிஃப்ட் பம்ப் மாட்டிய வண்டி வந்தால், மறுப்பதற்கு முன் ஒரு கேஜைப் போட்டு வரத்து அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிற ஒரு டீசல் வண்டிக்காரன்