ஞாயிறு வாசிப்பு: யானை டாக்டர்

நண்பர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு, வழக்கமான இடத்தில், ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் பேசுகிறோம். ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. நீளமான கதை, அதனால் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.

கதையில் வரும் டாக்டர் கே., ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்பில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. காட்டில் செத்துக் கிடக்கும் யானைக்கும் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர்.

படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்று படியுங்கள். ஒன்று, புழுக்கள் வரும் பகுதி. முதலில் எனக்குக் குமட்டியது. டாக்டர் அவற்றைப் பார்க்கும் விதத்தைப் படித்த பிறகு அருவருப்பு எப்படியோ கரைந்துவிட்டது. இன்னொன்று, உடைந்த பீர் பாட்டில் யானையின் காலில் குத்தும் பகுதி. யானையின் எடையே கண்ணாடியை உள்ளே உள்ளே அழுத்துகிறது, புண் சீழ் பிடிக்கிறது, அவ்வளவு பெரிய உயிர் நடக்க முடியாமல் போகிறது. டாப்ஸ்லிப்புக்குச் சேத்துமடை தாண்டி மலையேறும்போதெல்லாம் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு போகிறேன், இந்தக் கதையால்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குளம், ஓடை, பனைமரம், எதைப் பற்றியாவது ஒரு பக்கக் கதை எழுதி வாருங்கள். “மரம் வளர்ப்போம்” என்று முடிக்க வேண்டாம். அந்த மரத்தில் யார் கூடு கட்டினார்கள் என்று சொன்னால் போதும்.

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கப்போவதில்லை, வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.