எக்ஸ்போர்ட் செய்த படங்களில் எங்கள் தமிழ்ப் பெயர் உடைந்து வருவது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஸ்ரூடியோ நடத்துகிறேன். உங்கள் படத்திருத்த மென்பொருளுக்கு நான்கு வருடமாகச் சந்தா கட்டி வருகிறேன். இந்த வருடக் காசையும் தை மாதமே முழுதாகக் கட்டிவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, எக்ஸ்போர்ட் செய்யும்போது படத்தில் விழுகிற தமிழ் வாட்டர்மார்க் உடைந்து போகிறது. முன்னோட்டத்தில் பிழை எதுவும் தெரிவதில்லை. வலப்பக்க மூலையில் ஸ்ரூடியோவின் பெயரும், அதன் கீழ் சிறிய எழுத்தில் கோண்டாவில் என்பதும் அழகாக நிற்கின்றன. அதை நம்பி எக்ஸ்போர்ட்டை அழுத்தினால், வெளியே வருகிற படத்தில் ‘க’ முன்னுக்குத் தனியே நிற்கிறது. அதற்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு, அரவோடு (துணைக்காலோடு) சேர்ந்து பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. முதல் எழுத்திலேயே ஊர்ப்பெயர் குலைந்துவிடுகிறது.

வைகாசியில் ஒரு கலியாண வீட்டுக்கு 612 படங்கள் கொடுத்தேன். பொன்னுருக்கு முதல் தாலிகட்டு வரை மூன்று நாள் வேலை. படங்களை அன்றிரவே கனடாவிலும் சுவிசிலும் உள்ள உறவினர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில் எடுத்தார். “தம்பி, கோண்டாவில் எண்டதையே பிழையா எழுதியிருக்கிறியள். கனடாவில இருக்கிற ஆக்கள் எல்லாம் கேக்கினம்” என்றார். அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் கூடத் தாங்க முடியாமல் இருந்தது.

ஜேபெக்காக எக்ஸ்போர்ட் ஆன பிறகு வாட்டர்மார்க் படத்தோடு ஒன்றாகிவிடும், அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே கமெராவின் மூலக் கோப்புகளான ரோ கோப்புகளில் இருந்து 612 படங்களையும் வாட்டர்மார்க் இல்லாமல் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தேன். படமொன்று ஏறக்குறைய 8 எம்பி, எல்லாமாக 5 ஜிபி அளவில் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது. இரண்டு இரவு அதற்கே போனது. பழைய பதிப்புக்குத் திரும்பவும் பார்த்தேன். படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கிற கற்றலொக் கோப்பைப் புதிய பதிப்பு மாற்றிவைத்துவிட்டது, அதைப் பழையது திறக்க மறுக்கிறது.

உங்கள் உதவிப் பிரிவில் இருந்து ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. வாட்டர்மார்க்கை ஆங்கிலத்தில் போடுங்கள் என்பதே அந்தப் பதில். இதை எழுதியவர் யோசித்து எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். என் அப்பா கறுப்பு வெள்ளைக் காலத்தில் எடுத்த ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஊதா மையில் ரப்பர் முத்திரை குத்துவார். மை காயுமுன் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவிட மாட்டார். அதே தமிழ்ப் பெயர்தான் இன்று படத்தின் மூலையில் வருகிறது. எங்கள் ஆட்கள் பழைய அல்பத்தைப் புரட்டும்போது அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஸ்ரூடியோவைத் தேடி வருகிறார்கள். அதை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தமிழில் கொம்புக்குறி கணினியில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும், வரையும்போது முன்னால் வரவேண்டும். யுனிகோடில் தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இருக்கிறது. எழுத்துகளை இப்படி ஒழுங்குபடுத்துகிற ஹார்ஃப்பஸ் என்ற நிரலைத் திறந்த மூலமாக யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆன்ட்ரொய்ட் கைபேசியில் தமிழ் சரியாகத் தெரிவதும் அதனால்தான். முன்னோட்டத்தில் சரியாக வருவதால் உங்களிடமும் இந்த வேலையைச் செய்கிற பகுதி இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்கிற பகுதி அதைப் பயன்படுத்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். கோப்பின் உள்ளே பதிப்புரிமை என்ற கட்டத்தில் அதே பெயர் ஒரு பிழையும் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. ஆனால் வட்சப்பில் படம் அனுப்பினால் அந்த உள்விபரம் கழன்றுவிடும். எங்கள் படங்கள் பெரும்பாலும் வட்சப்பில்தான் கைமாறுகின்றன. ஆகவே படத்தின் மேலே தெரிகிற பெயர்தான் எனக்குக் காவல். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்துக்கும் உரிமை தருகிறது, உண்மைதான். படம் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தால்தானே அந்த உரிமையை எடுத்துப் பேசலாம்?

இரண்டாவது கடிதத்தில் பெயரைப் பி.என்.ஜி படமாகச் செய்து போடச் சொன்னீர்கள். செய்தேன். பின்னணி இல்லாமல், 600 பிக்சல் அகலத்தில். உங்கள் புதிய பதிப்பு அதன் அளவை நிலையான பிக்சலாக மட்டும் வாங்குகிறது, படத்தின் அகலத்தில் இத்தனை வீதம் என்று கொடுக்க இடமில்லை. 6000 பிக்சல் அகலப் படத்தில் அது பத்தில் ஒரு பங்கு. 1200 பிக்சலுக்குச் சுருக்கினால் பாதி அகலம் போய்விடும். நெடுக்காக எடுத்த 800 பிக்சல் அகலப் படத்திலோ முக்கால்வாசி. தாலிகட்டுப் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் கைவிரல்களுக்கு மேலேயே என் பெயர் கிடந்தது. அதை நான் எப்படி ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பேன்?

நான் கேட்பது இவைதான். எக்ஸ்போர்ட்டிலும் தமிழ் எழுத்து முன்னோட்டத்தில் உள்ளபடியே வரவேண்டும். பி.என்.ஜி வாட்டர்மார்க்கின் அளவை வீதமாகக் கொடுக்க வழி வேண்டும். திருத்தம் வரும்வரை, தமிழில் வாட்டர்மார்க் போடுகிறவருக்கு எக்ஸ்போர்ட்டுக்கு முன்னரே ஓர் எச்சரிக்கையாவது காட்டுங்கள். வேறு ஸ்ரூடியோக்காரரும் இப்படி அகப்பட்டிருக்கக் கூடும். சித்திரை தொடக்கம் திருத்தம் வரும் மாதம் வரையான சந்தாப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். இருபத்துநான்காம் நாள் தேர். அன்று விடிய முன்னரே கமெராவோடு வீதியில் நிற்பேன், மாலைக்குள் படங்கள் வெளியே போகவேண்டும். கொடியேற்றத்துக்கு முன்னர் எழுத்தில் பதில் தாருங்கள். முன்னோட்டத்தின் திரைப்பிடிப்பும், எக்ஸ்போர்ட் ஆன மூன்று படங்களும், எழுத்துருவின் பெயரும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
ஸ்ரூடியோ உரிமையாளர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்